செட்டில் நான் சொல்லாமல் விட்டது

நான் நாலாம் கிளாஸோடு நின்றவன். கிளீனராக ஏறி, ஸ்டீரிங் பிடித்து, எண்பதுகளின் நடுவில் நாமக்கல்லில் ஏழு லாரிக்கு முதலாளி ஆனேன். யார் தயவும் இல்லை. வண்டிகள் நிற்கும் என் லாரி செட்டில் ஒரே சட்டம்: ஸ்டீரிங்கில் கண் அசந்தவன் அன்றைக்கே இறங்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் என் வண்டி ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை.

மேச்சேரிக்காரர் ஒருவர் என்னிடம் டிரைவர். பருத்த உடம்பு, தடித்த கழுத்து. டீ டம்ளர் கையில் இருக்கும்போதே குறட்டை வரும். ஒருநாள் வாழப்பாடி தாண்டி, பட்டப்பகலில், வண்டியை ரோட்டோரப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. செட்டில் அத்தனை பேர் பார்க்கச் சாவியைப் பிடுங்கினேன்.

"ராத்திரி குடிச்சியா?"

"ஒரு சொட்டு இல்லீங்க. நல்லாத்தான் தூங்கினேன். எப்படி அசந்தேன்னே தெரியலீங்க."

"நல்லாத் தூங்கினவன் பகல்ல எதுக்குடா தூங்கறான்? தூங்குமூஞ்சி! உனக்கு ஸ்டீரிங் எதுக்கு? பாயும் தலகாணியும் தாரேன், போ."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேர் அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. யாரும் வண்டி கொடுக்கவில்லை.

என் குறட்டையும் தெருவுக்கே கேட்கும். "ஏனுங்க, குறட்டை நிக்கறப்பத்தானுங்க எனக்குப் பயம். மூச்சே இருக்கறதில்ல" என்பாள் வீட்டுக்காரி. உழைக்கிற உடம்பு அப்படித்தான் என்று அடக்கிவிடுவேன். மறுவருஷம் ராசிபுரம் ரோட்டில் கார் ஓட்டிப் போகையில் அவள் அலறியதில் விழித்தேன். எதிரே பஸ். ஒடித்துத் தப்பினேன். பார்த்தவள் அவள் மட்டும்தான்.

அவளே சேலத்துக்கு இழுத்துப்போனாள். டாக்டர் மத்தியானமே என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எழுப்பிச் சொன்னார்: "தூங்கினா உங்க தொண்டை அடைச்சுக்குது. மூச்சு நிக்குது, உடம்பு திடுக்குன்னு முழிக்குது, மறுபடி அடைக்குது. விடியவிடிய இதேதான். நீங்க தூங்கறதே இல்லை, அதான் பகல்ல சாயறீங்க."

மூக்கு வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின் வெளிநாட்டில் வந்திருக்கிறதாம், இங்கே இல்லையாம். கடைசி வழி, மூச்சுவிடத் தொண்டையில் துளை போடுவது. அதற்குமுன் உடம்பைக் குறைக்கணும், ஒருக்களித்துப் படுக்கணும், ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது. வீட்டுக்காரி பனியன் முதுகில் பை தைத்து ரப்பர் பந்து வைத்தாள். மல்லாந்தால் குத்தும்.

டாக்டர் பேசப்பேச, மேச்சேரிக்காரரின் கழுத்துதான் என் கண்ணில் நின்றது.

தேடிப்போனேன். ஜலகண்டாபுரத்தில் தறிப்பட்டறைக்கு நூல்மூட்டை சுமந்துகொண்டிருந்தார். பனியனைக் காட்டி எல்லாம் சொன்னேன். "வா சாமி, நானே கூட்டிட்டுப் போறேன்."

பந்தை அமுக்கிப் பார்த்தார். "வாரேனுங்க. ஆனா தூங்குமூஞ்சின்னு செட்டுல வெச்சுத்தானுங்க சொன்னீங்க? சீக்குன்னும் அங்கயே சொல்லீருங்க. உங்களுக்கும் இருக்குன்னா நம்புவாங்க."

"சொல்றேன்" என்றேன்.

அவருக்கும் அதே நோய்தான். சில மாசத்தில் இளைத்துத் தெளிந்தார். இனி ஓட்டலாம் என்று டாக்டரே சொன்னார்.

செட்டில் சொல்ல மூன்று தடவை எழுந்தேன். என் சட்டப்படி முதலில் இறங்க வேண்டியவன் நான்தானே? லோடு கொடுக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் காருக்கு டிரைவர் வைத்ததை, முதலாளிக்கு வசதி வந்தாச்சு என்று பேசிக்கொண்டார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

என் லாரியையே மறுபடி ஓட்ட வரச்சொல்லி அவருக்கு ஆள் அனுப்பினேன். "செட்டுல சொல்லியாச்சுங்களா?" என்று மட்டும் கேட்டனுப்பினார். நான் பதில் அனுப்பவில்லை. கடைசிவரை அவர் நூல்மூட்டைதான் சுமந்தார்.

அவர் தூங்குமூஞ்சி இல்லை. அவருக்கு இருந்த நோய் எனக்கும் இருந்தது. அன்றைக்குச் சிரித்தவர்களில் யாராவது இதைப் படித்தால், தெரிந்துகொள்ளட்டும்.