முப்பது பக்க அக்கா சொன்ன ஆறு பொய்கள்

நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டி ஓர் அலமாரி. பதினாறு வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ளவர்களுக்கான நாவல்கள் அதில் இருந்தன. பதினோரு வருடமாக ஒற்றை ஆளாக அதைச் சேர்த்து வளர்த்தவளுக்குப் பதிவேட்டில் ‘உதவியாளர்’ என்று பேர். பிள்ளைகள் வாயில் அவள் முப்பது பக்க அக்கா.

“முப்பது பக்கம் படி. பிடிக்கலைன்னா கொண்டாந்து என் மூஞ்சியிலேயே விட்டெறி” என்பாள். இத்தனை வருடத்தில் திரும்பி வந்து விழுந்தவை நாலோ ஐந்தோ இருக்கும். பழைய பெரிய நாவல் என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளையிடம், “மூணாம் பாகத்துல ஆரம்பி, யாருக்கும் சொல்லாதே” என்று கிசுகிசுப்பாள். வீட்டில் கோபித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற பையனுக்கு, லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் மொட்டைமாடி மோட்டார் அறையிலேயே குடியேறிவிடுகிற நாவல். அது விற்காமல் கிடந்த புத்தகம். இந்த அலமாரிக்கு வந்த பிறகு அதற்கென்று ஒரு கிறுக்குக் கூட்டமே சேர்ந்துவிட்டது. முடிவை மட்டும் யாருக்கும் சொல்லமாட்டாள். கெஞ்சினாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி.

மேல்நிலைப் பள்ளி இலக்கிய வாத்தியார் சனிக்கிழமை தோறும் வருவார். பேச்சில் தேன் ஒழுகும்.

“அக்கா, இந்த வாரம் பசங்களுக்கு என்ன சொல்லலாம்?”

இவளும் வெள்ளந்தியாக வாய் ஓயாமல் சொல்வாள். அவர் குறிப்பெடுத்துக்கொண்டு போவார். புத்தகத்தை எடுத்துப் போனதே இல்லை. ஆசிரியருக்கு ஆயிரம் வேலை, வீட்டில் சொந்தப் பிரதி இருக்கும் என்று இவளாகவே நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் நாளிதழின் இணைப்பை நீட்டினார். “இது நீ பேசற மாதிரியே இருக்கே?”

‘இளையோருக்கு ஒரு நாவல்’ என்ற பத்தி. வாத்தியாரின் படம். கீழே, ‘இந்த நாவலைச் சாப்பிடும்போது படிக்காதீர்கள், சோறு ஆறிவிடும்’ என்று ஒரு வரி. அது அவள் வாயிலிருந்து வந்த வரி. மூணாம் பாகத்தில் ஆரம்பிக்கும் யோசனையும் இருந்தது, ‘என் இருபதாண்டு வகுப்பறை அனுபவத்தில் கண்ட உத்தி’ என்ற அலங்காரத்தோடு. பழைய இதழ்களைத் தேடிப் பார்த்தால் இரண்டு வருடமாக இதே கூத்து.

அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பாள். பத்தியைப் படித்து மயங்கிப்போன நூலகக் குழு, புது வாசிப்புக்கூடம் திறக்கிற நாளிலிருந்து அந்த அலமாரியை வாத்தியார் பொறுப்பில் விடுவதென்று முடிவு செய்தது. உதவியாளர் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவள் மானத்தை விட்டு வாத்தியாரிடமே போய் நின்றாள்.

“சார், இதெல்லாம் நான் சொன்னதுன்னு குழுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அலமாரி போயிடும்.”

வாத்தியார் சிரித்தார். “அக்கா, நீங்க சீல் குத்தறவங்க. உங்க பேரைச் சொன்னா யாரு மதிப்பா?”

அவள் படி இறங்கினாள். இறங்கும்போதே கறுவிக்கொண்டாள்: ‘இரு மவனே, உன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.’

அடுத்த சனிக்கிழமை, எதுவுமே நடக்காதது போல மனிதர் வந்து நின்றார். “திறப்பு விழாவுல ஆறு நாவலைப் பத்திப் பேசணும் அக்கா. பசங்க கேள்வி கேப்பாங்க. முடிவையும் சொல்லிடுங்க, சமாளிக்கணும்ல.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

“அதுக்கென்ன சார், உட்காருங்க” என்றாள்.

நாலு மாதம். ஆறு நாவல். முக்கால்வாசிக் கதையை உள்ளது உள்ளபடி சொன்னாள். முடிவுகளில்தான் கை வைத்தாள். உயிரோடிருக்கிற தாயை ஆற்றில் தள்ளினாள். பிரிந்துபோன காதலர்களைக் கூட்டிவந்து கல்யாணம் பண்ணி வைத்தாள். மோட்டார் அறையை விட்டு இறங்கவே இறங்காத மெக்கானிக்கை இறக்கி வங்கி வேலையில் சேர்த்தாள். முதல் பொய்க்கு நாக்கு கூசியது. மூன்றாவதிலிருந்து ருசிக்க ஆரம்பித்துவிட்டது. ஆறாவதைச் சொல்லும்போது கண்கூடக் கலங்கிக் காட்டினாள். வாத்தியார் வரிக்கு வரி எழுதிக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள், அந்த ஆறு நாவலையும் கரைத்துக் குடித்த பதினேழு வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். எதற்கும் வாதாடுவதால் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பட்டப்பேர்.

“நாளைக்கு சார்கிட்ட முடிவைப் பத்திக் கேளு கண்ணு” என்றாள் அக்கா. “நிறைய தயார் பண்ணி வச்சிருக்காரு.”

கூடம் நிரம்பி வழிந்தது. இருநூறு பிள்ளைகள் இருப்பார்கள், பாதிப் பேர் இந்த அலமாரியில் வளர்ந்தவர்கள். முன்வரிசையில் தலைமை நூலகரும் குழுவும். அவள் கடைசி வரிசையில் சுவரோரம் நின்றாள். வாத்தியார் அரைமணி நேரம் அவள் வார்த்தைகளாலேயே வெளுத்து வாங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வக்கீல் எழுந்தாள். “சார், முதல் நாவலோட கடைசி அத்தியாயத்துல அந்த அம்மா, தன் பையனைக் காட்டிக் குடுத்தவனுக்கே கதவைத் திறக்கறாங்களே, ஏன் சார்?”

“அவ எங்க திறந்தா? அவ அதுக்கு முன்னாடியே ஆத்துல விழுந்து செத்துட்டாளே!”

கூடம் முழுக்கக் கொல்லென்று சிரிப்பு.

“சார், அப்ப லிஃப்ட் மெக்கானிக்?” இன்னொரு குரல்.

“அவன்... வங்கியில சேர்ந்துடறான்.”

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். வாத்தியார் குறிப்பேட்டைப் புரட்டினார், வியர்வையைத் துடைத்தார், மறுபடி புரட்டினார். அவர் கண் சுவரோரம் நின்றவள்மேல் பட்டது. அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“அந்த அம்மாதான்!” என்று மைக்கிலேயே கத்தினார். “அந்த அம்மாதான் எனக்கு இப்படிச் சொன்னாங்க! ரெண்டு வருஷமா எல்லாத்தையும் அவங்கதான் சொன்னாங்க!”

“எல்லாத்தையும்னா?” என்றாள் வக்கீல், உட்காராமலே. “பேப்பர்ல வர்றதையுமா சார்?”

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. பச்சாதாபம் வருமோ என்று தன்னையே சோதித்துப் பார்த்துக்கொண்டாள். துளி வரவில்லை.

மறுநாள் தலைமை நூலகர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். “அலமாரி உங்ககிட்டயே இருக்கட்டும்னு குழு சொல்லிடுச்சு. ஆனா வாசகர்கிட்ட வேணும்னே பொய் சொன்னது தப்பும்மா. அவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுங்க. நான் படிச்சுட்டு அனுப்பறேன்.”

“தாராளமா எழுதறேன் ஐயா.” அங்கேயே உட்கார்ந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி நீட்டினாள்.

‘ஐயா, ஆறு நாவல்களின் முடிவைத் தங்களுக்குத் தவறாகச் சொன்னேன். மன்னிக்கவும். நான் பொய் சொல்லத் தொடங்கியதிலிருந்து விழா நாள்வரை ஆறும் அலமாரியில்தான் இருந்தன. ஏதாவது ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் தாங்கள் திறந்திருந்தால், என் பொய் அன்றே செத்திருக்கும். நாலு மாதம் காத்திருந்தேன். நூலக நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை.’