"துருதான் பேசுது": சாந்தா அக்கா நினைவாக

அன்று சாந்தா அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது ஒரே வரிதான்: "அது எங்க நைனா பேசின கேசட், அக்கா."

சென்ற மாதம் அவரைப் பார்க்கத் திருப்பதி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் புத்தலப்பட்டில் நின்றபோது தலைமையாசிரியை போனில் அழைத்தார். "மெதுவாவே போம்மா. இனிமே அவசரம் இல்ல."

சித்தூரில் எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் அக்கா அறிவியல் ஆசிரியை. தினமும் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வருவார். நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறை மூலையில் தனியே படித்துக்கொண்டிருந்த என்னிடம் டப்பா மூடியில் புளிச்சோற்றை வைத்து நீட்டினார். "புஸ்தகம் எங்கியும் ஓடாது. மொதல்ல துன்னு."

சென்ற ஆண்டு காந்தப் பாடத்துக்காக எல்லோரிடமும் பழைய கேசட் கேட்டார். நான் ஒன்று கொடுத்தேன். என் தந்தை, நைனாவுக்கு எழுதத் தெரியாது. குவைத்தில் வேலை செய்த காலத்தில் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பிய கேசட் அது. அவர் இறந்த பிறகு எங்களிடம் மிஞ்சிய குரல் அது மட்டுமே. ஒரு நிமிடம் ஓடவிட்டுத் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. வீட்டு விஷயம் பேசிப் பழகாதவள் நான்.

இடைவேளை முடிந்து அவர் வகுப்பு வாசலில் போய் நின்றேன். ஒரு சிறுமி கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேடம், இதுல டச் எங்க கீது?"

"பென்சில வுட்டு சுத்து. அதான் டச்."

"அடுத்த பாட்டுக்குத் தாண்ட முடியாதா?"

"நடுவுல இருக்கிறத சுத்திக்கினுதான் போவணும். உனக்குப் பொறுமையே கெடையாதுடி!"

நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டினார். "இந்தப் பழுப்பு என்ன தெரியுமா? இரும்புத் துரு. டேப் ரெக்கார்டர் உள்ள இருக்கிற காந்தம் அதை வரிசையா நிக்க வெக்குது. நாம கேக்கறப்ப துருதான் பேசுது."

கடையில் விற்ற பாட்டுக் கேசட்டுகளில் மேல்விளிம்புப் பிளாஸ்டிக் பல் இருக்காது. யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று அப்படி வரும். நைனாவும் அதே காரணத்துக்காகத்தான் அந்தப் பல்லை உடைத்து அனுப்பியிருந்தார். அக்கா அதைப் பாட்டுக் கேசட் என்று எண்ணிவிட்டார். "பல்லு இல்லன்னா ரெக்கார்டு பண்ற சிவப்பு பட்டன் எறங்காது. ஓட்டைய மூடினா?" ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டி, டேப் ரெக்கார்டரில் போட்டு அழுத்தினார். பட்டன் இறங்கியது.

பிள்ளைகள் வரிசையாக வந்து, நைனாவின் குரல்மேல் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் முன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன், வாசலிலேயே நின்றேன்.

கேசட்டைத் தரும்போது அக்கா கேட்டார்: "ஏன் மூஞ்சி வாடிக்கீது? துன்னலியா?"

"ஒண்ணுமில்லக்கா."

அதை அலமாரியில் வைத்தேன். கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடக்கம் முடிந்த அன்று அவர் மகள் சொன்னாள்: "போட்டோ நெறைய கீதுக்கா. போன எடுத்தாலே அம்மா வாய மூடிக்குவாங்க. கொரல் ஒண்ணுகூட இல்ல."

வீட்டுக்கு வந்து கேசட்டை ஓடவிட்டேன். முதலில் பிள்ளைகளின் பெயர்கள். நடுவே, "தள்ளாதீங்கடி, துரு எங்கியும் போவாது" என்று அக்காவின் சிரிப்பு. பிறகு ஒரு 'டக்'. அதன்பின், பாதி வாக்கியத்திலிருந்து, நைனா: "...அங்க மழ வந்துச்சா? பாப்பா நல்லா துன்றாளா?"

இனி யாரும் மேலே பதிய முடியாதபடி செல்லோடேப்பைப் பிய்த்து எறிந்தேன்.

அக்கா, உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போய், பிளேயரோடு கேசட்டையும் அவர் மகளிடம் கொடுத்தேன். இருவரும் சேர்ந்து கடைசிவரை கேட்டோம்.

"முடிவுல பேசறது யாருக்கா?"

"எங்க நைனா" என்றேன்.

இருவரும் எங்கள் போனில் ஒரு பிரதி பதிந்துகொண்டோம். கேசட் அவளிடம் இருக்கிறது.