பச்சைப் பெட்டியில் வந்த பரிசு

ரொசாரியோ நகரில், பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம்போல் நடத்தும் பதினைந்தாம் பிறந்தநாள் விழாக்களுக்கு வீடியோ எடிட் செய்து பிழைப்பவள் நில்டா. அவளுக்கு வேலை தரும் ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மேக் மென்பொருளுக்கு மாறிவிட்டன. மேக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமானால் வீட்டை விற்க வேண்டும். அதனால் அந்த மென்பொருள் ஓடக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றை உதிரிபாகங்கள் வாங்கித் தானே சேர்த்துவிடத் துணிந்தாள். ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட பெட்டி, பழைய பிராசஸர், மலிவான மெமரி. மேக் மென்பொருள் ஏற்றுக்கொள்ளுமா என்று இணையத்தில் விசாரித்துத் தெளியாமல் ஒரு திருகாணிகூட வாங்கவில்லை. கிராபிக்ஸ் கார்டு மட்டும் பாக்கி.

அதை அக்கா மீர்த்தாவின் கணவன் ஓமார் கொண்டுவந்தான். நில்டாவின் பிறந்தநாளுக்குக் குடும்பமே கைக்காசு போட்டு வாங்கிய பரிசு. பளபளக்கும் பச்சைப் பெட்டி.

"கடையிலேயே இதுதான் ராஜாவாம்," என்றான் ஓமார். "இனிமே உன் கம்ப்யூட்டர் பறக்கும் பாரு."

நில்டா ஓட்டப்போகும் மென்பொருள், சிவப்புப் பெட்டியில் விற்கும் போட்டிக் கம்பெனியின் கார்டைத்தான் ஏற்கும். பச்சைப் பெட்டியில் வரும் புதுக் கார்டு எத்தனை விலை உயர்ந்ததானாலும் அதற்கு வேண்டாத விருந்தாளிதான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். இரவெல்லாம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டும் அக்கா, சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. ஓமாரைக் கட்டிக்கொண்டு, "இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

அந்த ஒரு பொய் அவளைச் சும்மா விடவில்லை. கடையில் மாற்ற ரசீது வேண்டும். ரசீது ஓமாரிடம். கேட்டால் குட்டு உடைந்துவிடும். அடுத்த வாரமே பரிசை இணையத்தில் விற்பனைக்குப் போட்டாள். வந்த பணத்தில், யாரோ பயன்படுத்திய சிவப்புக் கார்டு ஒன்றை வாங்கி மாட்டினாள். மேக் திரை முதன்முதலாக ஒளிர்ந்தபோது அழுதாள். சந்தோஷத்தில் அல்ல.

ஒரு மாலை ஓமார் தனியாக வந்தான். அவள் ஊற்றிக்கொடுத்த மாத்தே மூலிகைத் தேநீரை உறிஞ்சிவிட்டுத் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"விக்கிறதுக்குன்னு ஒரு கார்டு படம் பார்த்தேன். அதுக்குக் கீழ உன்னோட இதே எலுமிச்சம்பழப் படம் போட்ட மேசைவிரிப்பு."

நில்டா அந்த விரிப்பின் ஓரத்தை இழுத்து மடித்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பேனே. நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்."

இரண்டாவது மாத்தேக்கு அவன் காத்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பூரணம் வைத்து அவித்த ராவியோலியைப் பரிமாறிக்கொண்டே மீர்த்தா கேட்டாள், "நம்ம கார்டு எப்படிடி ஓடுது?"

நில்டா பதில் தேடுவதற்குள் ஓமார் முந்திக்கொண்டான். "அருமையா ஓடுது. நானே போய்ப் பார்த்தேனே." தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

பெண்டாட்டியிடம் ஒளிவுமறைவு அறியாத மனிதன். அவனையும் பொய் பேச வைத்துவிட்டோமே என்று நில்டாவுக்கு மனசு அறுத்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அது இப்ப என்கிட்ட இல்ல. வித்துட்டேன். என் மெஷினுக்கு அது சேராது. நீங்க குடுத்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

மீர்த்தா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"அதைவிட."

"அடுத்த வருஷம் செருப்பு வாங்கித் தரோம்," என்றான் ஓமார். "அளவை மட்டும் இப்பவே சொல்லிடு." யாரும் சிரிக்கவில்லை.

மீர்த்தா எழுந்து தங்கையின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். "சாப்பிடு, ஆறிடும்" என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமலே. நில்டா குனிந்து சாப்பிட்டாள். தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.