ஆள் இல்லாத ரத்தம்

இரண்டு விரலால் முழங்கை மடிப்பைத் தட்டுகிறார். "வா ராசா, வெளிய வா. யாரு உன்ன அடிக்கப் போறா?" நரம்போடுதான் பேச்சு, நாற்காலியில் இருக்கும் ஆளோடு அல்ல. ஊசி போய், ஊதா மூடிக் குழாய் நிறைந்து, பஞ்சு வைத்த பிறகுதான் ஆளின் முகம் அவர் கண்ணில் படும். அப்போதும் ஒரே வசனம்: "கைய மடக்குங்க. அஞ்சு நிமிஷம் பேச்சுமூச்சு கூடாது." ரத்தம் நிற்பதற்கும் வாயை மூடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று இருபத்திரண்டு வருடமாக யாரும் கேட்டதில்லை.

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் அவருக்கு நரம்புக்காரர் என்று பெயர். மனநலப் பிரிவின் ஆய்வுக்கு மாற்றியதிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவுவதில்லை. ரத்தத்தில் மரபணுக்கள் காட்டும் அடையாளத்தை வைத்து மனச்சிதைவு நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கிற ஆய்வு அது. நோயாளிகள் நூறு பேர், நோயில்லாதவர்கள் நூறு பேர். அதில் 'முடியுமா' என்ற சொல்லை மட்டும் நரம்புக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சக்கரைக்கு ஒரு நம்பர் இருக்குல்ல? இனிமே இதுக்கும் நம்பர்தான். 'குரல் கேக்குதா, குரல் கேக்குதா'ன்னு டாக்டருங்க மணிக்கணக்கா கத கேக்கற வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று வரிசையில் நிற்பவர்களுக்கு வகுப்பெடுப்பார். மகனைத் தாமதமாகக் கூட்டிவந்து அழும் தாய்க்குத் தனிப்பாடம் உண்டு. "வீட்லயே வச்சு மூடி மறைச்சா சரியாயிடுமா? படிச்சவங்களே இப்படி இருந்தா எப்படிம்மா?"

அவர் வீட்டில் பின்னறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளே தம்பி, முப்பத்து நான்கு வயது. கடிகாரம் தன்னைத் திட்டுகிறது என்று அதைத் துணியில் சுற்றி அலமாரியில் பூட்டியிருக்கிறான். "அவனுக்குத் தூக்கம் கம்மி, அவ்ளோதான்." இது நரம்புக்காரரின் சொந்தக் கண்டுபிடிப்பு. இதற்கு ரத்தம் எதுவும் தேவைப்படவில்லை.

"உங்க தம்பி ரெண்டு நாளா தட்டத் தொடல. விஷம் கலந்திருக்குங்கறார்" என்றாள் மனைவி. "ஊரான் நரம்பெல்லாம் தேடறீங்க. இவரையும் ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போனா என்னவாம்?"

"அங்கயா? எல்லாரும் என்னைத் தெரிஞ்சவங்க!"

"அதான் நல்லது."

"அதான் கெட்டது."

ஆய்வில் நோயில்லாதவர் ஒருவர் மட்டும் குறைந்தார். நரம்புக்காரர் மூளையில் பல்பு எரிந்தது. தம்பியின் ரத்தத்தை நோயில்லாத நல்லவர்கள் பெட்டியில் வைத்துவிட்டால், ரத்தத்தைப் படிக்கிற மிஷினே அவனை நல்லவன் என்று சொல்லிவிடும். அதைச் சொல்லி வீட்டுக்காரி வாயை அடைத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறைக்குள் போனார். சோற்றுத் தட்டை நம்பாத தம்பி, அண்ணன் ஊசிக்கு மட்டும் கையை நீட்டினான்.

"எதுக்குண்ணே?"

"சும்மா, சக்கரை பாக்க. கைய மடக்கு. அஞ்சு நிமிஷம் பேச்சுமூச்சு கூடாது."

திங்கள் காலை, ஆய்வை நடத்தும் டாக்டரம்மா பெட்டியைப் பார்த்தார். "நூறாவது ரத்தம் வந்துடுச்சு. ஆள் எங்க?"

"ஆள் எதுக்கு டாக்டர்? அதான் ரத்தம் இருக்கே."

"நோய் இல்லன்னு யார் சொன்னது? ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டுத்தானே நான் அந்தப் பெட்டிலயே சேக்கறேன்?"

"அத மிஷின் சொல்லிடும்ல..."

"நாம பேசிக் கண்டுபிடிச்சு சொல்றத வச்சுத்தாங்க மிஷினே கத்துக்குது. இன்னும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியுமா தெரியாதான்னே இப்பதான் பாக்கறோம்." குழாயைக் கையில் எடுத்தார். "யாரோடது?"

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நரம்புக்காரர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"தம்பிது. மூணு நாளா சாப்பிட மாட்டேங்கறான்."

டாக்டரம்மா குழாயைக் கழிவுத் தொட்டியில் போட்டார். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. குழாய் வேணாம், ஆள்."

மறுநாள் அதே வரிசையில் தம்பியோடு நின்றார். "என்ன நரம்புக்காரரே, இன்னிக்கு இந்தப் பக்கம்?" என்றது கவுன்டர். அவர் டோக்கனை இருபது முறை படித்தார்.

"தூக்கமெல்லாம் எப்படி?" என்று தம்பியைக் கேட்டார் டாக்டரம்மா.

"கம்மி டாக்டர், அவ்ளோதான்" என்றார் அண்ணன்.

"குரல் ஏதாவது கேக்குதா?"

"சேச்சே, எங்க குடும்பத்துல அதெல்லாம்..."

தம்பி திரும்பினான். பட்டினி கிடந்த முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. "அண்ணே, கைய மடக்குங்க. அஞ்சு நிமிஷம் பேச்சுமூச்சு கூடாது."

நரம்புக்காரர் மடக்கினார். பஞ்சே இல்லாத முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.