சுவரில் ஒட்டிய சங்கேதம்

மலாய் மொழியில் மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்த சமயத்தில் காஜா பெராங் பகுதியில் ரப்பர் வாங்கி விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். அங்கே தந்தி எழுதியவர் ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். சிங்கப்பூருக்கு விலையை, வெளியாருக்குத் தெரியாமலிருக்க, சங்கேதச் சொற்களில்தான் அனுப்புவார்.

எந்தச் சொல்லுக்கு எந்த விலை என்று காட்டும் எங்களுடைய ஒரே பட்டியலை, எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று புது மானேஜர் சுவரில் ஒட்டினார். எதிரில்தான் வெளித் தரகர்கள் வந்து உட்காரும் பெஞ்சு. பசை காயுமுன் தந்தி எழுதுபவர் அதைக் கிழித்துக் கொளுத்தினார்.

"யாரைக் கேட்டு எரிச்சீங்க? வேலை போயிரும்" என்றார் மானேஜர்.

"போகட்டும் சார். எல்லாம் என் மண்டையில இருக்கு. வேணும்னா என்னைக் கேளுங்க, செவத்தைக் கேக்காதீங்க."

மறுநாளும் பொத்தான் போட்டு வந்தார். மானேஜர் அன்றைய விலையை அவரிடமே தந்தியடிக்கக் கொடுத்தார். தந்தி எழுதியவர் காப்பாற்றியது கடையையா, தன் வேலையையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.