முப்பத்தோராவது கேள்வி

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவுகள். ஒன்று எனக்கு. இன்னொன்று என்னைவிட இருபது வருஷம் மூத்த டீச்சர் ஒருவருக்கு. அவரிடம் படித்த பெண்களின் மகள்கள்கூட எங்கள் பள்ளியில் சேர ஆரம்பித்திருந்தார்கள். பள்ளியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

முழுப் பரீட்சை வினாத்தாளை இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். அதில் நாற்பது மதிப்பெண்ணுக்கு, நான்கு விடைகளில் சரியானதை டிக் செய்யும் கேள்விகள். முதல் இருபது அவருடையவை, அடுத்த இருபது என்னுடையவை. இந்த வகைக் கேள்வி அப்போதுதான் பள்ளிக்கூடங்களுக்குள் வந்திருந்தது. திருத்துவது சுலபம் என்பதால் எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம்.

அந்த வருஷம் எண்பது பேரில் பதினொரு பெண்கள் அறிவியலில் தேறவில்லை. அவர்களில் ஒருத்தி என் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகள். மெதுவாக எழுதுவாள், மணி அடிக்கும்போது பாதித் தாள் காலியாக இருக்கும். முப்பத்து மூன்று வாங்கியிருந்தாள். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். கருணை மதிப்பெண் என்ற பேச்சே எங்கள் தலைமையாசிரியைக்குப் பிடிக்காது.

திருத்திய தாள்களைக் காட்டித் திரும்ப வாங்கிய மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கைகட்டி நின்றார்.

"டீச்சர், ஒங்களக் குத்தம் சொல்ல வரல. பிள்ளைக்குப் படிப்பு ஏறலன்னா இதோட நிறுத்திருதேன். வீட்டுல வயசானவங்க கல்யாணப் பேச்சு எடுத்தாச்சு. ஒரே கிளாஸ்ல ரெண்டு வருஷம் உக்காரவைக்க மாட்டேன்."

ப்ரோமோஷன் பட்டியல் முடிவாக இன்னும் நாலு நாள் இருக்கிறது, அதுவரை பொறுங்கள் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கான பத்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். வெயிலும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து பாதி நேரம் தூக்கம்தான். ஒரே ஒரு பாடம் மனசில் தங்கியிருந்தது. பரீட்சை முடிந்ததும் மாணவர்களை மட்டும் அல்ல, கேள்விகளையும் திருத்த வேண்டும் என்ற பாடம். விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே கால் பங்கையும் கீழே கால் பங்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சரி, அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சரி என்று எண்ண வேண்டும். நன்றாகப் படித்தவர்கள் அதிகமாகவும் படிக்காதவர்கள் குறைவாகவும் சரியாக எழுதியிருந்தால் அது நல்ல கேள்வி. இரண்டும் சமமாக இருந்தால் அந்தக் கேள்வி யாரையும் சோதிக்கவில்லை. தலைகீழாக இருந்தால் கோளாறு கேள்வியில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆசிரியர் அறையில் உட்கார்ந்தேன். துணைக்குத் தமிழாசிரியை வந்தார். சாந்தோமில் கோயிலுக்குப் பக்கத்திலேயே பரம்பரையாக இருந்த குடும்பம், வீட்டில் மூன்று பேர் ஆசிரியர்கள். அவர் விடைகளை வாசித்தார், நான் கோடு கிழித்தேன். மேலே இருபது தாள், கீழே இருபது தாள். பெருக்க வந்த ஆயா வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா டீச்சர், லீவு நாள்ல கூட எண்ணிக்கினு கீறீங்க? ஓட்டா இதெல்லாம்?"

"ஆமா, எந்தக் கேள்விக்கு டெபாசிட் போகுதுன்னு பார்க்கிறோம்" என்றார் தமிழாசிரியை.

முதலில் அகப்பட்டது பதினாலாவது கேள்வி. 'கீழ்க்கண்டவற்றுள் மின்சாரத்தைக் கடத்தாதது அல்லாதது எது?' மேல் கூட்டத்தில் ஏழு பேர் சரி, கீழ்க் கூட்டத்திலும் ஏழு பேர் சரி. தமிழாசிரியை அதை மூன்று முறை வாசித்தார்.

"டீச்சர், இது உங்க பாடமா, என் இலக்கணப் பாடமா? எனக்கே சுத்துதே!"

அது மூத்த டீச்சருடைய கேள்வி. உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது என்பதை இன்று ஒப்புக்கொள்ளலாம். திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கூட அமைத்துவிட்டேன்.

பிறகு என் பங்கு வந்தது. முப்பத்தோராவது கேள்விக்குக் கீழ்க் கூட்டத்தில் பதினைந்து பேர் சரி. மேல் கூட்டத்தில் நாலே பேர்.

"தப்பா வாசிச்சிட்டீங்க" என்றேன். அவர் மறுபடி வாசித்தார். மறுபடியும் நாலுதான்.

கேள்வி இது: 'நீர் கொதிக்கும் வெப்பநிலை எது?' அ, எண்பது டிகிரி. ஆ, நூறு டிகிரி. இ, நூற்றிருபது டிகிரி. ஈ, காற்றழுத்தத்தைப் பொறுத்தது. நான் சரி என்று வைத்தது நூறு. நாலாவது இடம் காலியாக இருக்கிறதே என்று கடைசி நிமிஷத்தில் ஏதோ ஒன்றை எழுதி நிரப்பியிருந்தேன். படித்த பெண்கள் பதினாறு பேர் அந்த 'ஏதோ ஒன்றை'த்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சரியாகவும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நானோ பதினாறு தாளிலும் சிவப்பு மையால் தப்புப் போட்டிருந்தேன்.

பாத்திரக் கடைக்காரர் மகளின் தாளைத் தேடி எடுத்தேன். ஈ. அதன் மேல் என் சிவப்புக் கோடு.

"யாருக்கும் தெரியாது டீச்சர். பதினாலை மட்டும் சொல்லிட்டு இதை விட்டுடுங்களேன்" என்றார் தமிழாசிரியை. என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஏன் ஈ போட்டாய் என்று கேட்டேன். பயந்துபோனாள்.

"தப்புதான் டீச்சர். மலை மேல போனா தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும்னு நீங்க கிளாஸ்ல சொன்னீங்கல்லா... அத நெனச்சிப் போட்டுட்டேன்."

நான் கற்றுக்கொடுத்ததை அவள் கற்றுக்கொண்டிருந்தாள். அதற்குத் தண்டனை கொடுத்தவளும் நான்தான். எதைச் சொல்வது, எதை விடுவது என்ற யோசனையெல்லாம் அந்த நிமிஷமே தீர்ந்துபோயிற்று.

ஆசிரியர் கூட்டத்துக்கு முன்னாலேயே மூத்த டீச்சருக்கு விஷயம் எட்டியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"நான் கேள்வித்தாள் எழுதிண்டிருந்தப்போ நீ பாவாடை கட்டிண்டு ஸ்கூலுக்குப் போயிண்டிருந்தே. என் கேள்விக்கு நீ மார்க் போடறயா?"

"உங்க கேள்வியைப் பத்திப் பேச வரலை டீச்சர். என் கேள்வி தப்பு. முப்பத்தொண்ணு." கணக்குத் தாளைத் தலைமையாசிரியை முன்னால் வைத்தேன். என்ன எழுதினேன், எப்படித் திருத்தினேன், பெண்கள் என்ன நினைத்தார்கள், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

தலைமையாசிரியை என் வார்த்தையை நம்பவில்லை. அவர் குணம் அது. மேல் கூட்டத்தின் தாள்களை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முப்பத்தோராவது கேள்வியைத் தாள் தாளாகப் புரட்டி அவரே எண்ணினார். இருபதாவது தாளை வைத்துவிட்டு, "நாலுதான்" என்றார். "இத்தனை கெட்டிக்காரப் பெண்களும் ஒரே மாதிரி தப்பு பண்ண மாட்டாங்க."

மூத்த டீச்சர் என் தாளைத் தன் பக்கம் இழுத்தார். தன் இருபது கேள்விகளின் எண்ணிக்கையையும் விரலால் தடவி வந்து பதினாலில் நின்றார்.

"இது என்ன, கடத்தாதது அல்லாதது? நானா எழுதினேன்?" என்று கேட்டவர் சட்டென்று சிரித்துவிட்டார். "மேடம், என் பதினாலையும் சேர்த்து எடுத்துடுங்கோ. ரெண்டுக்கும் எல்லாருக்கும் மார்க் குடுத்துடலாம். யாருக்கும் குறைய வேண்டாம்."

"பெத்தவங்க வந்து கேட்டா?" என்றார் தலைமையாசிரியை.

"இந்தத் தாளைக் காட்டலாம் மேடம்" என்றேன். அவர் அதில் கையெழுத்துப் போட்டார்.

பதினொரு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். பாத்திரக் கடைக்காரர் மகளுக்குப் பதினாலும் தப்பாகியிருந்ததால், இரண்டும் சேர்ந்து சரியாக முப்பத்தைந்து. நாலாம் நாள் பலகையில் பட்டியல் ஒட்டியபோது அவள் தன் எண்ணை நம்பாமல் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அவளுடைய அப்பாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன், என் தப்பையும் சேர்த்து.

"டீச்சரே தப்புன்னு ஒத்துக்கிட்டா பிள்ளைக்குப் படிப்பு மேல ஒரு நம்பிக்கை வரும். படிக்கட்டும்" என்றார். அவள் பதினோராம் வகுப்புவரை எங்களிடமே படித்துத் தேறி, கல்லூரிக்கும் போனாள்.

அடுத்த ஜூனில் நாங்கள் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு அட்டையில் எழுத ஆரம்பித்தோம். பின்பக்கம் அந்தக் கேள்வியின் எண்ணிக்கை. நல்லவை டப்பாவில் தங்கின, மற்றவற்றைத் திருத்தினோம், தேறாதவற்றைக் கிழித்துப் போட்டோம். கொதிநிலைக் கேள்வியை, மலை உச்சியில் நீர் கொதிக்கும் வெப்பநிலை கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் கூடுமா, குறையுமா என்று மாற்றி எழுதினேன். வரலாறு, கணக்கு ஆசிரியைகளும் அட்டை கேட்டு வந்தார்கள். பிறகு கோபாலபுரத்திலிருந்தும் அடையாறிலிருந்தும் இரண்டு பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷ அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் மூத்த டீச்சர் யாருக்கும் சொல்லாமல் தாள்களைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ணியிருக்கிறார். மறுநாள் நான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றார். கையில் கோடு கிழித்த தாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஆத்துல ரெண்டு தடவை எண்ணிட்டேன். என்னோட ஒன்பதாவது, மேலே பத்தொன்பது, கீழே அஞ்சு! உன்னோடதுல ஒண்ணாவது இப்படி வந்திருக்கா, சொல்லு பார்ப்போம்!"

தாளை வாங்கிப் பார்த்தேன், வரவில்லை. என்னுடையதில் நல்லது மேலே பதினெட்டு, கீழே ஆறு. அதைச் சொன்னதும் அவர் வகுப்பு முழுவதும் கேட்கும்படி கைதட்டினார். எதற்கென்று தெரியாமலே ஏழாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தட்டினார்கள். நானும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.