பன்னிரண்டாவது வரி

எங்கள் அணியில் எனக்கு மேனேஜர் என்று பெயர். நான் கேட்டு வாங்கிய பெயர் இல்லை. முதுகில் ஒரு டிஸ்க் நகர்ந்து, இனிமேல் ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு, என்னை என்ன செய்வதென்று தெரியாமல் பையன்கள் வைத்த பெயர். தண்ணீர் கேன் கொண்டுவருவது, ஸ்டம்ப் கட்டிய சாக்குப்பையை ஸ்கூட்டரில் வைத்து எடுத்து வருவது, ஸ்கோர் எழுதுவது, சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் மறுநாள் ஆடும் பதினோரு பேர் பட்டியலைப் போடுவது. முதல் மூன்று வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நாலாவதைச் செய்ய மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருத்தனும் முன்வந்ததில்லை. ஏன் என்று போன வருஷம்தான் எனக்குப் புரிந்தது.

நாங்கள் ஆடுவது டென்னிஸ் பந்து கிரிக்கெட். வெள்ளானூர் பக்கம், பிளாட் போட்டு இன்னும் வீடு வராத ஒரு திடல். வருஷத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு மூலையில் கடைக்கால் எடுப்பார்கள், நாங்கள் பவுண்டரியை உள்ளே தள்ளிக்கொள்வோம். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், நிலத்தைக் கொடுத்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் ஓட்டுகிறவர்கள். மீதிப் பேர் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். அப்பா எந்த ஜில்லாவிலிருந்தோ தொழிற்சாலை வேலைக்கு வந்திருப்பார், பிள்ளை அசல் ஆவடிக்காரனாகவே ஆகியிருப்பான்.

என் நண்பன் அப்படி ஒரு குவார்ட்டர்ஸ் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். அப்பா வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் இப்போது அவனும் வேலை பார்க்கிறான். இருவருக்கும் நாற்பத்து மூன்று வயது. அணி தொடங்கிய நாளிலிருந்து அவனுடைய இடம் டீப் மிட்விக்கெட். டென்னிஸ் பந்து ஆட்டத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கிற பக்கம் அதுதான். எல்லைக் கோட்டை ஒட்டி நிற்பான். பந்து மேலே போனதும் நாங்கள் எல்லாரும் பந்தைப் பார்ப்போம், அவன் மட்டும் மட்டை பிடித்தவனின் தோளைப் பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்துவிடுவான். திடலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று திரும்பாமலே சொல்லுவான். "முதுகுல கண்ணு கீதுடா இவனுக்கு" என்று எதிர் அணிக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் அவன் முட்டி போயிற்று. ஒரே நாளில் போகவில்லை, அதுதான் கஷ்டம். பந்து முதல்முறை அவன் காலுக்கடியில் போனபோது எல்லாரும் சிரித்தோம். மூன்றாவது முறை யாரும் சிரிக்கவில்லை. கண் தெரிகிறது, கணக்குத் தெரிகிறது, கால் ஒரு நொடி தாமதமாக வருகிறது. அவன் எறிந்தால் கீப்பர் கையில் நேராக விழும் பந்து இரண்டு முறை தரையில் குதித்து வந்தது. மட்டை பிடித்தாலும் இரண்டாவது ரன்னுக்கு ஓடத் தயங்கினான். குரூப்பில் அவனைக் கிண்டல் செய்து யாரும் எதுவும் போடவில்லை. அதிலிருந்தே நிலைமை எனக்குத் தெரிந்தது.

ஒரு நாள் காலை மகளை டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய நடைபாதையில் அவனைப் பார்த்தேன். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு இருபது அடி ஓடினான். நின்றான். குனிந்து முட்டியைத் தடவினான். மறுபடியும் இருபது அடி ஓடினான். சுற்றிலும் பெரியவர்கள் கையை வீசிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்து போனார்கள். கூப்பிட்டிருக்கலாம். நான் ஸ்கூட்டரைத் திருப்பி வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் கரையான்சாவடியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். இருபத்திரண்டு வயது, டிப்ளமோ முடித்துவிட்டு என் கம்பெனியிலேயே சிஎன்சி மெஷினில் நிற்கிறான். முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லைக் கோட்டிலிருந்து ஒரே எறியில் ஸ்டம்பைச் சாய்த்தான். திமிர் என்று ஏதாவது இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. என் நண்பனை வாய் நிறைய "அண்ணா" என்றான். எங்கே நிற்பது, காற்று எந்தப் பக்கம் பந்தைத் தள்ளும் என்றெல்லாம் அவனிடமே கேட்டான். அவனும் மறைக்காமல் சொன்னான்.

அந்த வருஷம் பக்கத்து ஊர் டோர்னமென்ட்டில் அரையிறுதி வரை வந்துவிட்டோம். எங்கள் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. இளசுகள் என்னைத் தனித்தனியாக வந்து பார்த்தார்கள். யாரும் என் நண்பன் பெயரைச் சொல்லவில்லை. "ஃபீல்டிங் கொஞ்சம் டைட் பண்ணணும்ணா" என்று மட்டும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது எஸ்டேட் முனை டீக்கடையில் அவன் எனக்காக நின்றுகொண்டிருந்தான். ஆவடியிலிருந்து அதற்கென்றே வந்திருந்தான். டீ சொல்லிவிட்டு, கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஞாயித்துக்கெழம நான் கீறேனா மாமே?"

"இன்னா கேள்வி இது? நீ இல்லாம டீமா?"

"அந்தப் பையன் நல்லா ஆடறான். நான் வேணான்னா வேணான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. நான் ஒண்ணியும் நெனச்சுக்க மாட்டேன்."

"டீ ஆறிகினு கீது, குடிடா."

அவன் குடித்தான். பிறகு மகள் படிப்பைப் பற்றி ஏதோ கேட்டான், நான் ஏதோ சொன்னேன். நான் மனதில் முடிவெடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவனே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான், நான் உள்ளே போகவில்லை. பயந்தாங்கொள்ளி என்று என்னை வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அன்றைக்கு நான் அதுதான்.

சனிக்கிழமை பட்டியல் எழுதினேன். டீப் மிட்விக்கெட்டில் கரையான்சாவடிப் பையன். பதினொன்றோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் பட்டியல். நான் கெட்டிக்காரன் இல்லையா, பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்தேன். அவன் பெயரைப் போட்டு, பக்கத்தில் "லெக் அம்பயர்" என்று எழுதி, ஒரு கும்பிடும் போட்டேன்.

இந்தப் பக்கத்து டோர்னமென்ட்டுகளில் பந்து போடும் பக்கம் நிற்கிற அம்பயரை நடத்துகிறவர்கள் கொடுப்பார்கள். மட்டை பிடிப்பவனுக்குப் பக்கவாட்டில் நிற்கும் லெக் அம்பயர் பேட்டிங் ஆடுகிற அணியின் ஆள். மட்டைக்காரன் பக்கத்து ரன் அவுட் எல்லாம் அவன் தீர்ப்புதான். சொந்த ஆள் நிற்கிறான் என்றால், சந்தேகமாக இருக்கிற ரன் அவுட் சொந்த அணிக்குத்தான் போகும். சந்தேகம் இல்லாததும் பல சமயம் போகும். எதிராளிகள் கத்துவார்கள், அடுத்து அவர்கள் ஆடும்போது நாங்கள் கத்துவோம். அதோடு சரியாகிவிடும். யாரும் இதை ஏமாற்று வேலை என்று நினைப்பதில்லை. ஆடாதவனுக்கும் அணிக்காகச் செய்ய ஒரு வேலை, அவ்வளவுதான். அவனுக்கு மரியாதை கொடுத்துவிட்டதாகவே நான் நினைத்தேன்.

நீல டிக் வந்தது. கால் மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல அவன்தான் முதலில் வந்திருந்தான். அணியின் ஜெர்ஸியைப் போட்டு, மேலே ஒரு சட்டையைப் போட்டு மறைத்திருந்தான். சாக்குப்பையை இறக்க எனக்குக் கை கொடுத்தான்.

"இன்னா மாமே, ஒப்புக்குச் சப்பாணியா வெச்சுகினியா என்னிய?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். சின்ன வயதில் தெருவில் ஆடும்போது, அழுகிற பொடியனை அப்படித்தான் சேர்த்துக்கொள்வோம். அவன் ஓடலாம், பந்தைத் தொடலாம், ஆனால் அவன் அவுட் ஆனாலும் கணக்கில் வராது. நான் பதிலுக்குச் சிரித்தேன். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு, "டீக்கடைலயே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டம்ப் நடப் போனான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

எதிரணி முதலில் ஆடியது. பையன் இரண்டு கேட்ச் பிடித்தான், இரண்டும் என் நண்பனுக்கு இனி எட்டாத கேட்ச். முடிவு சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்து நாங்கள் ஆடினோம். என் நண்பன் வெள்ளைத் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு லெக் அம்பயராகப் போய் நின்றான். நான் திடலின் இந்தப் பக்கம், அவனுக்கு நேர் எதிரே, ஒரு வேலிகாத்தான் நிழலில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கிரீஸ் கோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நேராக ஓடியது.

கடைசி ஓவரில் மூன்று பந்து இருந்தது, ஜெயிக்க நாலு ரன் வேண்டும். மட்டை பிடித்தவன் கரையான்சாவடிப் பையன். டீப் மிட்விக்கெட் பக்கம் அடித்தான். முதல் ரன்னை ஓடி முடித்து, இரண்டாவதுக்குத் திரும்பினான். எல்லைக் கோட்டிலிருந்து பந்து வந்தது. என் நண்பன் தலையைத் திருப்பி அந்த எறியை ஒரு பார்வை பார்த்தான், உடனே கோட்டுக்குக் கண்ணைக் கொண்டுவந்தான். கீப்பர் ஸ்டம்பைத் தட்டினான். பையனின் மட்டை கோட்டுக்கு அரை அடி வெளியே, தரையில் படாமல் இருந்தது.

நான் பார்த்தேன். இதில் எனக்கு இன்றுவரை எந்தச் சந்தேகமும் இல்லை.

அவன் விரலைத் தூக்கினான். எதிரணிக்காரர்களே ஒரு நொடி நம்பாமல் நின்றுவிட்டு அப்புறம்தான் கத்தினார்கள். அடுத்து வந்தவன் ஒரு பந்தை விட்டான், ஒரு பந்தில் ஒரு ரன் எடுத்தான். ஒரே ஒரு ரன்னில் தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் என் நண்பனைச் சுற்றிக்கொண்டார்கள். அவுட் ஆன பையன் மட்டும் தள்ளிப் போய் மட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"வயித்தெரிச்சல்ணா உனக்கு. டீம்ல இல்லன்னதும் ஊத்தி மூடிட்டியே."

"சொந்த ஆளுக்கு எவனாச்சும் கை தூக்குவானா?"

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "அவுட்டுடா. மட்ட உள்ள வரல" என்று மட்டும் இரண்டு முறை சொன்னான். அப்போது யாரோ ஒருவன், "மேனேஜரு அங்கதான குந்தினு இருந்தாரு, அவரக் கேளு" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். அந்த முகத்தில் நிம்மதி வந்தது. சாட்சிக்கு ஆள் இருக்கிறது என்ற நிம்மதி.

"எனக்கு சரியாத் தெர்ல" என்றேன். "ஸ்கோர் எழுதிகினு இருந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இருபது பேர் கோபமாக நின்றார்கள், அதனால் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மை அதைவிட அசிங்கம். அவன் பொறாமையில் கை தூக்கினான் என்றால், அவனை வெளியே வைத்த நான் சரியான மேனேஜர். அவன் நேர்மையாகத் தூக்கினான் என்றால், நான் யார்? அந்த ஒரு நொடியில் எனக்கு எது வசதியோ அதை வாய் எடுத்துக்கொண்டது.

அவன் தொப்பியைக் கழற்றி ஸ்டம்ப் சாக்குப்பைக்குள் போட்டான். பைக்கை இரண்டு உதை உதைத்துக் கிளப்பினான், முட்டி வலித்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் குரூப்பில் என்னென்னவோ போட்டார்கள். ஏழு மணிக்கு அவன் வெளியேறிவிட்டதாக ஒரு வரி வந்தது. அவனுக்கு ஃபோன் செய்ய எடுத்தேன், மகள் ஏதோ கேட்டாள், வைத்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மதிய சாப்பாட்டு நேரத்தில் கரையான்சாவடிப் பையன் என் லேத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ண்ணா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான் அவுட்டுதான்."

நான் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அடுத்த நாளே அவரு ஃபேக்டரி கேட்டாண்ட போய் நின்னு சொல்லிட்டேன். தெரியும்டா தம்பின்னாரு. குரூப்ல போடட்டுமாண்ணான்னு கேட்டேன். வேணா, உன்னியும் சேத்து ஏசுவானுங்கன்னாரு. அப்பால சொன்னாரு, எனக்கு நேர் எதுர்ல குந்தினு பாத்துகினு இருந்தவனே பாக்கலன்னுட்டான், நீ சொல்லி இன்னா ஆவப்போவுதுன்னு." பையன் என் முகத்தைப் பார்த்தான். "நான் ஓடிகினு இருந்தேனா, கவனிக்கல. எதுர்ல யாருண்ணா குந்தினு இருந்தது?"

என்னைக் குத்திக்காட்டக் கேட்டானா, உண்மையிலேயே தெரியாமல் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மெஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

என் நண்பன் வீடு என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிஷம்தான். இன்னும் போகவில்லை. பட்டியலில் பன்னிரண்டாவது வரியை நான் இப்போதும் போடுகிறேன், ஆனால் அதில் எழுத யாரும் கிடைப்பதில்லை, அதனால் என் பெயரையே போட்டுக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆள் ஒருவன் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே இருந்தான், ஸ்டம்ப் சாய்ந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம், பையன்கள் வந்து என் முதுகில் தட்டினார்கள்.